‘தேடவா?’ என்று கேட்டது

இது நடந்தது. நடந்த வீட்டுக்குக் கீழ் வீட்டில்தான் நான் குடியிருக்கிறேன். இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் சட்டென்று பேச்சை மாற்றினார்கள். சிரித்தவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பேச்சை மாற்றியவர்களைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது எனக்கல்ல. என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவிக்கு. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பயந்த சுபாவம் கிடையாது. கரண்ட் போனால் மெழுகுவர்த்திகூட இல்லாமல் இருட்டிலேயே குளித்துவிட்டு வருகிற ஆள். அவள் சொல்லி நான் கேட்டதையும், என் காதாலேயே நான் கேட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நடுராத்திரி, ஆந்தை அலறல் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அக்காவுக்கு டிவி தொடர்களுக்குப் பின்னணி இசை போடுகிற வேலை. மூன்றாவது மாடியில் இருக்கும் அவள் வீட்டின் பின்பக்கப் படுக்கையறையைத்தான் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தாள். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, இரட்டைக் கதவு, ஜன்னலே கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தன் மூச்சு தனக்கே கேட்கும். நாலு வருஷமாக ஓடுகிற ஒரு தொடர்தான் அவளுக்கு முக்கிய வேலை. அதில் கதாநாயகி அழாத நாள் கிடையாது. “அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா நம்ம அடுப்பு அணைஞ்சிடும்” என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கிளம்பினால் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

பத்து வருஷமாக ஒரே சாஃப்ட்வேரில் ஓட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. புது வெர்ஷனுக்கு மாறச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டது. மாறவில்லை. கடைசியில் தொடரின் எடிட்டர் போன் செய்து, “அக்கா, இனிமே நாங்க அனுப்புற ஃபைல் உங்க பழைய வெர்ஷன்ல திறக்காது” என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லை.

சாஃப்ட்வேர் மாற்றுவது என்றால் ஒரு பட்டனை அழுத்தினால் ஆயிற்று என்று நான் நினைத்திருந்தேன். அது வீடு மாற்றுவதைவிடப் பெரிய தலைவலி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த சாஃப்ட்வேரோடு அவள் ஒட்ட வைத்திருந்த பிளகின்களே நூற்றுக்கு மேல் இருக்கும். பிளகின் என்றால் பெரிய சாஃப்ட்வேருக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு வேலையைச் செய்கிற குட்டி சாஃப்ட்வேர். ஒன்று இரைச்சலை எடுக்கும், ஒன்று குரலைத் தூக்கும், ஒன்று வயலின் வாசிக்கும். அந்த வயலினுக்கென்று தனியாக ஒலித்தொகுப்பு வேறு. நிஜ ஆள் வாசித்ததைச் சுரம் சுரமாகப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான ஃபைல்கள். மாறிய பிறகு இவற்றில் எது கூட வரும், எது வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் வந்து உட்கார்ந்தவன் ஒயர். நிஜப் பெயர் வேறு. கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்குவதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஸ்டுடியோவுக்குப் பஞ்சு ஒட்டியதிலிருந்து எல்லாமே அவன் கைவேலை. நல்ல பையன். ஒரு வேலை முடிந்தால் தூசியைத் தட்டுகிற மாதிரி இரண்டு கையையும் ஒரு தட்டு தட்டிவிட்டு, “அடுத்து?” என்பான்.

அவன் முறையாகத்தான் செய்தான். முதலில் மொத்தத்துக்கும் ஒரு பேக்கப். பழைய வெர்ஷனை அழிக்காமல் அப்படியே பக்கத்தில் விட்டு வைத்தான். ஒலித்தொகுப்புகளைப் புது டிஸ்குக்கு மாற்றி, எது எங்கே இருக்கிறது என்று சாஃப்ட்வேருக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தான். பிளகின்களை மொத்தமாக அள்ளிப் போடாமல் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தான். வயலின் வந்தது. குழல் வந்தது. சில கிழட்டுப் பிளகின்கள் திறந்ததுமே மொத்தத்தையும் கவிழ்த்தன. அவற்றை ஓரங்கட்டினான்.

ஒன்று மட்டும் வரவில்லை. அதன் பெயர் ‘அறைகள்’.

யாரோ ஒரு பெரியவர் தனியாளாகச் செய்து விற்ற பிளகின் அது. நிஜமான கூடங்கள், மண்டபங்கள், படிக்கட்டுகளில் எதிரொலியைப் பதிவு செய்து அதற்குள் வைத்திருந்தார். எந்தச் சத்தத்தை அதில் விட்டாலும், அந்த இடத்திலேயே நின்று எழுப்பிய மாதிரி கேட்கும். தொடரில் வரும் பெரிய வீட்டின் கூடம் முழுக்க அக்கா அதில்தான் செய்திருந்தாள். அது இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து அந்த வீடே வேறு வீடு மாதிரி கேட்கும்.

திரையில் ஒரு பெட்டி வந்தது.

‘அறைகள்’ இருந்த இடத்தில் இல்லை. தேடவா?

ஒயர் கீழே குனிந்து டிஸ்கை மாட்டிக்கொண்டிருந்தான். அக்கா ‘ஆம்’ என்பதை அழுத்தினாள். தேடுகிறது... என்று வந்தது. டீ குடித்துவிட்டு வந்தும் தேடுகிறது... என்றே நின்றது.

“எங்கக்கா தேடச் சொன்னீங்க? புது டிஸ்க்லயா?”

“எங்கன்னு அது கேக்கவே இல்லையே.”

“எங்கன்னு கேக்காம எப்படிக்கா தேடும்?” அவன் சிரித்தபடி அந்தப் பெட்டியை மூடினான். நாளைக்குப் பார்ப்போம் என்று கிளம்பினான்.

மறுநாள் காலையில் அக்கா திறந்தபோது ‘அறைகள்’ வேலை செய்துகொண்டிருந்தது. ஒயருக்குப் போன் போட்டாள். “எப்படிடா சரி பண்ணே?”

“நானா? நீங்க பண்ணிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். எனக்கு ராத்திரியே மெசேஜ் வந்துச்சே, எல்லாம் ஓகேன்னு.”

“நான் அனுப்பலையே.”

“ஏதோ ஆட்டோமேட்டிக்கா வந்திருக்கும். விடுங்கக்கா, வந்துச்சுல்ல.”

அக்கா விட்டுவிட்டாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து எடிட்டர் கூப்பிட்டார். “அக்கா, அந்த அழுகை சீன்ல நடுவுல யாரோ கை தட்டுறாங்க.”

“சீன் நல்லா வந்திருக்குன்னு யாராவது தட்டியிருப்பாங்க.”

“சிரிக்காதீங்கக்கா. இங்க டைரக்டர் குதிக்கிறார்.”

ஸ்டுடியோவுக்குள் போய்ப் பார்த்தாள். திரையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரிசை இருக்கும், அதுதான் டிராக். எல்லா டிராக்குக்கும் கீழே ஒரு புது டிராக். அவள் போட்டதல்ல. பெயர் இல்லை. அதில் ஒரே ஒரு சின்னத் துண்டு. ஓட விட்டுக் கேட்டாள்.

டப்.

ஒரே ஒரு கைத்தட்டல். பிறகு அதன் எதிரொலி, நீளமாக, மெல்லத் தேய்ந்து... பெரிய மண்டபம், காலியான மண்டபம். இருபது வருஷமாக இதே வேலை செய்கிற காது அது. எந்த மாதிரி இடத்தில் நின்று தட்டியது என்று கேட்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒயர் எதையோ சோதித்துவிட்டு அழிக்க மறந்திருப்பான் என்று அதை அழித்தாள். மனசுக்குள் அவனைத் திட்டினாள்.

அடுத்தது ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், மறுபடியும் பெயரில்லாத டிராக். மறுபடியும் ஒரு துண்டு.

டப்.

இந்தத் தடவை மண்டபம் இல்லை. திறந்த வெளி, ஆனால் இரண்டு பக்கமும் சுவர். ஒரு சந்து. பின்னால் ஒரு பைக் கடந்து போகிறது. தூரத்தில் யாரோ ஷட்டரை இழுத்து மூடுகிறார்கள்.

இது சோதனை இல்லை. யாரோ வேலை மெனக்கெட்டுப் பதிவு செய்து, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது. ஒயருக்குத் தன் வீட்டில் இருந்தபடியே அவள் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி உண்டு. அவளே கொடுத்ததுதான். அவன் வேலை செய்துகொடுக்கிற இன்னொரு இசையமைப்பாளர் அந்தத் தொடரின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். கை தட்டுகிற அவன் பழக்கம் வேறு ஞாபகத்துக்கு வந்தது. பாஸ்வேர்டை மாற்றவில்லை. அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கணவர் ஸ்டுடியோ பக்கம் வந்தால், “என்ன வேணும்?” என்று நிமிர்வாள். அவர் என் கணவரிடம், “உங்கண்ணி என்னைத் திருடன் மாதிரி பாக்குறாடா” என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒரு நாள் மதியம் என் வீட்டுக் கதவை இடித்தாள். திறந்தேன். செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்திருந்தாள்.

“நீ படிக்கட்டுல நின்னு கை தட்டினியா?”

“இல்லையேக்கா.”

“உண்மையைச் சொல்லு. என் வீட்டு மாத்துச் சாவி உன்கிட்டதானே இருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. “அக்கா, கை தட்டினது நீங்கன்னுல்ல நான் நெனச்சேன்” என்றேன். “மேலேர்ந்து யாரையோ கூப்பிடுறீங்கன்னு...”

அவள் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

இதுதான் நானே கேட்டது. இரண்டாவது மாடியில், என் வாசலை ஒட்டிய திருப்பத்தில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடி லூஸ். யாராவது பலமாகத் தும்மினால்கூட ‘ர்ர்ர்’ என்று அதிரும். அன்றைக்குக் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே டப் என்று ஒரே ஒரு கைத்தட்டல். உடனே கண்ணாடி ர்ர்ர் என்றது. கதவைத் திறந்து பார்த்தேன். மேலேயும் கீழேயும் யாரும் இல்லை. ஓடுகிற காலடிச் சத்தமும் இல்லை.

அக்கா என்னை மேலே இழுத்துக்கொண்டு போனாள். ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

டப். ர்ர்ர்...

எங்கள் ஜன்னல்தான்.

அன்று மாலையே ஒயரை வரவழைத்தாள். நானும் இருந்தேன். அவன் முழுசாக உட்காரக்கூட இல்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“யாருக்காகடா இதைப் பண்றே? அந்த மனுஷனுக்காகவா?”

“எதைக்கா?”

“நடிக்காதே. இன்னைக்குக் காலையில இந்தப் பில்டிங்குக்கு வந்தியா இல்லையா?”

“என் பொண்ணுக்குக் காய்ச்சல்க்கா. காலையிலேர்ந்து ஆஸ்பத்திரில இருந்தேன்.” கழுத்தில் கிடந்த ஒயரைக் கழற்றினான். “பத்து வருஷம் பழகினதுக்கு இதான் கேள்வியாக்கா?”

அவன் எழுந்தான். அவள் கண் முன்னாலேயே தன் போனில் இருந்த தொடர்பை அழித்தான். கம்ப்யூட்டரின் இணைய ஒயரைப் பிடுங்கினான். ஸ்டுடியோவில் இருந்த இரண்டு மைக்கையும் கழற்றி, சுற்றி, அவள் மடியில் வைத்தான்.

“மைக்கே இல்ல. இனிமே எதுவும் பதிவாகாது. எதாவது ஆச்சுன்னா, அது நான் இல்லைன்னாவது தெரியுமில்ல.”

கையைத் தட்டாமல் போனான். அன்றைக்குத்தான் அவன் அப்படிப் போனது.

அக்கா மைக்குகளை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஸ்டுடியோவையும் பூட்டி, இரண்டு சாவியையும் இடுப்பில் சொருகிக்கொண்டாள். மறுநாள் காலை முழுக்க முன்கூடத்திலேயே உட்கார்ந்து துணி மடித்தாள். ஸ்டுடியோ கதவு அவள் பார்வையிலேயே இருந்தது. யாரும் வரவில்லை. யாரும் போகவில்லை. மதியத்துக்கு மேல்தான் பூட்டைத் திறந்தாள்.

பெயரில்லாத டிராக் இருந்தது.

ஓட விட்டுக் கேட்டாள். முதலில் கைத்தட்டல் வரவில்லை. ஒரு ஃபிரிட்ஜின் உறுமல்... காற்றாடியின் ‘கிடக் கிடக்’... அவர்கள் வீட்டுக் காற்றாடிதான். அதற்குள் யாரோ மெல்லிய குரலில் ஏதோ ராகத்தை முணுமுணுக்கிறார்கள்.

அவள் குரல்.

துணியை உதறுகிற சத்தம். அவள் உதறியது. மடித்து வைக்கிற சத்தம். மறுபடி முணுமுணுப்பு...

டப்.

முணுமுணுப்பு நிற்கவே இல்லை. பதிவில் இருந்த அவளுக்கு அந்தக் கைத்தட்டல் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். தட்டிய கை அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. இப்போது கேட்டுக்கொண்டிருந்த அவள் காதுக்கு அது தெரிந்தது.

அது பதிவான நேரத்தைப் பார்த்தாள். 11.40. அந்த நேரத்தில் வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணவருக்குப் போன் போட்டாள்.

“எங்க இருக்கீங்க?”

“லிஃப்ட் மேல நிக்கிறேன். ஏன்?”

“11.40-க்கு எங்க இருந்தீங்க?”

“இதே லிஃப்ட் மேலதான். காலையிலேர்ந்து இதோட மாரடிக்கிறேன். என்னடி ஆச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க.”

சந்தேகப்பட இனி ஆள் மிச்சமில்லை. அதுவரை யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததுதான் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்தப் பிளகினை எடுத்து எறிந்துவிடுவது என்று முடிவு செய்தாள். தொடர் எப்படிக் கேட்டால் என்ன? இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து வைத்தாள். முட்டுக் கொடுக்க ஒரு நாற்காலியைப் போட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் ஹெட்போனை மாட்டினாள். ‘அறைகள்’ மேல் வைத்து, நீக்கு என்று கொடுத்தாள்.

பெட்டி வந்தது.

‘அறைகள்’ பயன்பாட்டில் உள்ளது. நீக்க முடியாது.

மறுபடி கொடுத்தாள். அதே பெட்டி.

யார் பயன்படுத்துகிறார்கள்?

திரையின் அடியில் ஒரு புது டிராக் தானாக முளைத்தது. பெயர் இல்லை. அதன் பக்கத்தில் சின்ன வட்டம்... சிவப்பானது.

பதிவாகிக்கொண்டிருந்தது.

மைக் பீரோவில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. ஆனால் சத்தத்தைக் காட்டுகிற கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு விட்டால் கோடு புடைத்தது. மூச்சைப் பிடித்தாள். கோடு நேரானது.

நேராகவே போனது...

பிறகு, லேசாகப் புடைத்தது.

அவள் மூச்சு விடவில்லை.

டப்.

எதிரொலியே இல்லை. பஞ்சு ஒட்டிய அறையில் தட்டினால் அப்படித்தான் கேட்கும். வறண்ட சத்தம். இடது காதை ஒட்டி.

திரும்பினாள்.

யாரும் இல்லை.

கத்தினாள். திரையில் அந்தக் கத்தலும் ஒரு பெரிய கறுப்புப் புடைப்பாகப் பதிவானது. உடனே சிவப்பு வட்டம் அணைந்தது.

இன்னொரு பெட்டி வந்தது.

தேடல் முடிந்தது.

கீழே எனக்குக் கேட்டது அந்தக் கத்தல்தான். நான் ஓடிப்போனபோது அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒயர் அறுந்திருந்தது.

அவள் கணவர் வந்ததும் மூன்று பேருமாக உள்ளே போனோம். நீக்கு என்று கொடுத்தோம். இந்தத் தடவை மறுப்பே இல்லை. ஒரு நொடியில் போய்விட்டது. பழைய டிஸ்கில் இருந்ததையும் அழித்தோம்.

அதோடு நின்றுவிட்டது.

அக்கா வேறு ஒரு பிளகினை வைத்துத் தொடரின் வீட்டைச் சமாளித்தாள். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஒயர் வீட்டுக்கு அவளே போனாள். என்ன பேசினாளோ தெரியாது. அவன் மகளுக்கு ஒரு பொம்மைப் பியானோ வாங்கிக்கொண்டு போனாள் என்பது மட்டும் தெரியும். அவன் மறுபடி வர ஆரம்பித்தான். டீ கொடுத்தால் முன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாக வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். ஒரு மாதம் நல்லபடியாகப் போனது. கூடத்தில் உட்கார்ந்து மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

ஆனால் யார் அந்தக் கையைத் தட்டியது என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை. ‘அறைகள்’ செய்த பெரியவரின் நம்பரை, பழைய ரெக்கார்டிஸ்ட் ஒருவர் மூலம் வாங்கியிருந்தாள். அவர் எடுக்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் மதியம், அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

“நீங்க புது வெர்ஷனுக்கு மாறினீங்களாம்மா?” குரல் களைத்திருந்தது.

“ஆமா சார். மாறினப்ப உங்க பிளகின் காணோம்னு சொல்லிச்சு. அப்புறம் தானா வந்துச்சு. அதுக்கப்புறம்...”

“கை தட்டுற சத்தம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படி சார் தெரியும்? அது நீங்க பதிவு பண்ணினதுதானே?”

“நான் ஒரு இடத்துலகூடக் கை தட்டினதில்லம்மா. எல்லா அறையிலயும் பலூன் உடைச்சுத்தான் எதிரொலி எடுத்தேன். என் தொகுப்புல கைத்தட்டல்னு ஒண்ணு கிடையவே கிடையாது.”

அக்கா ஸ்டுடியோ கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்பவும் தட்டுதா?”

“இல்ல சார். நின்னு ஒரு மாசமாச்சு.”

“எங்க வந்து நின்னுச்சு?”

“என் ஸ்டுடியோவுக்குள்ள.”

அவர் கேட்டார்.

“நின்னதுக்கு அப்புறமும் அதே அறையிலயாம்மா உக்காந்து வேலை பாக்குறீங்க?”

லைன் கட்டானது. திரும்ப அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப். இன்று வரை அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்தான்.

கைத்தட்டல் பற்றி ஒயரிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்று காலையில்தான், புதிதாக வாங்கிய ஸ்பீக்கரை அறைக்கு ஏற்றபடி சரிசெய்ய அவன் ஒன்று கேட்டிருந்தான். ஸ்டுடியோ கதவைச் சாத்திவிட்டு ஒரு தடவை கையைத் தட்டி, அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தான். பஞ்சு ஒட்டிய நாளில் அவன் தனியாக உள்ளே நின்று தட்டி எடுத்த எதிரொலி அளவு அவனிடம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றான். அக்காவுக்குக் கையைத் தட்டவே கூசியது. இருந்தாலும் தட்டினாள். அனுப்பினாள்.

சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு அவன் கூப்பிட்டிருக்கிறான். ஸ்பீக்கர் பற்றி ஏதோ பேசுவான் என்று நினைத்து, அவள் ஸ்டுடியோவுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே போனை எடுத்திருக்கிறாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எப்போதும் அப்படித்தான் சாத்திக்கொள்ளும்.

“அக்கா, நீங்க அனுப்பினதைப் பாத்தேன். அளவு கொஞ்சம் இடிக்குது.”

“ஸ்பீக்கர்லயா கோளாறு?”

“இல்லக்கா. உள்ள ஆள் கூடினா ரூம் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும். மனுஷ உடம்பு அப்படி. நான் எடுத்தப்ப நான் ஒருத்தன்தான் இருந்தேன். அதனாலதான் கேக்கறேன்...”

“என்ன கேக்கறே?”

“நீங்க தட்டினப்ப, ரூம்ல கூட யாரை உக்கார வெச்சிருந்தீங்க?”